பெண்பள்ளி

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் நடத்தியவர் நல்ல ஆசிரியர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செய்யுளை இசையோடு பாடிக் காட்டுவார். வைகையில் சம்பந்தரின் ஏடு எதிர்நீந்திப் போவதைக் கையசைவிலேயே கண்முன் கொண்டுவந்துவிடுவார். பாடத்தில் இருந்தவை சில செய்யுள்கள்தாம். அனல்வாதம், புனல்வாதம், தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியது எல்லாம் அவராகச் சொன்ன கதை. "கழுன்னா என்னா சார்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். அவர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் நயினார் வீட்டுப் பெண். பெரணமல்லூர், ஆரணி, வந்தவாசி, போளூர், சேத்துப்பட்டு என்று எங்கள் வட்டாரத்தில் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. மார்வாடிக் கடைக்காரர்களைத்தான் வெளியூர்க்காரர்கள் ஜைனர் என்று நினைப்பார்கள். இவர்கள் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு நம்மைப்போலவே பேசுகிற நம்மூர்க்காரர்கள். அந்த வகுப்புக்குப் பிறகு அவளுக்குப் பள்ளியில் பெயர் 'கழு'. "ஏ கழு, கணக்கு நோட்டு குடு." பத்தாம் வகுப்பில் மாலைச் சிறப்பு வகுப்பு வந்தபோது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. விளக்கு வைத்த பிறகு அவள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அதனால் ஐந்தரை மணிக்கே சுவரோரம் திரும்பி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். "அம்மணசாமிக்குப் படையல் போடுறா" என்று பையன்கள் பாடுவார்கள். 'அமணம்' என்ற சொல்லிலிருந்துதான் 'அம்மணம்' வந்தது என்பார்கள். அதைப் பின்னாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பையன்களுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை.

நான் அவளைக் கேலி செய்ததில்லை. இடம் மட்டும் மாற்றிக்கொண்டேன். கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று காரணம் சொன்னேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவள் வீட்டுக்குப் போனால் அவளுடைய ஆயா எனக்கென்று வைத்திருந்த தம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பார். நாங்கள் தறிக்காரர்கள், கறி தின்கிறவர்கள், அதற்கு மேல் பட்டு நெய்கிறவர்கள். "ஒரு சேலைக்கு எத்தன புழுடி சாவுது?" என்று ஒருநாள் கேட்டார். எங்களுக்கு நூல் ஆரணியிலிருந்து வரும். கூட்டைக் கொதிநீரில் போடுவதை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அன்று தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் மிதியை நிறுத்தாமல், "அவங்க நெலத்துல ஏர் ஓட்டும்போது புழு சாவலியா?" என்றார். நிலம் வைத்திருந்தவர்கள் அவர்கள், கூலிக்கு நெய்தவர்கள் நாங்கள். பள்ளிக்குள் அவளுக்கு நடந்ததை இது நியாயமாக்காது. ஆனாலும் விட்டுவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

இத்தனை ஆண்டுகள் கழித்து நான் இதைத் தோண்டக் காரணம், இப்போது கரும்பலகைக்கு முன்னால் நிற்பவள் நான் என்பதுதான். சம்பந்தர் பதிகங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதாவதில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும் வருவார்கள், பத்தாவதில் சமணரையும் சாக்கியரையும் பழிப்பார், பதினொன்றில் தம் பெயரைச் சொல்லி முடிப்பார். பத்தாவது பாட்டை என்ன செய்வது? சில ஆசிரியர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், சிலர் அதில்தான் நின்று விளையாடுவார்கள். ஆலவாய்ப் பதிகங்களுள் ஒன்றில் சமண, சாக்கியரின் 'கற்பு' அழியட்டும் என்ற பொருளில் ஓர் இடம் வருகிறது. கற்பு என்பது இங்கே அவர்கள் கற்ற கல்வி என்று சைவ உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். சமணப் பெண்களின் கற்பு என்று பகுத்தறிவு மேடைகளில் வாசித்தார்கள். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் இந்தச் சர்ச்சையின் இரு தரப்பையும் வரிவரியாகப் படித்தேன். வாதாடியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள். கல்வியா பெண்ணா என்று அவர்கள் மோதிக்கொண்டிருந்தபோது, கல்வி கற்ற சமணப் பெண் ஒருத்தி இருந்திருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அவள் இருந்தாள். எங்கள் பகுதியிலேயே இருந்தாள்.

ஆற்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கம் என்றொரு ஊர். அங்கே முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945 வாக்கில், ஒரு கல்வெட்டு வெட்டப்பட்டிருக்கிறது. திருப்பான்மலை அரிஷ்டநேமி என்னும் சமண ஆசிரியரின் மாணவியான பட்டினிக் குரத்தியார் அங்கே ஒரு கிணறு எடுப்பித்தார். அந்தக் கிணறும் ஒரு மனையும் சேர்ந்து 'பெண்பள்ளி' ஆக்கப்பட்டன. குரத்தி என்றால் பெண் குரு. சமணத் துறவிகளின் உறைவிடமாக இருந்த 'பள்ளி'தான் நாம் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிக்கூடத்துக்குப் பெயரானது என்று எல்லாத் தமிழாசிரியர்களும் சொல்லித் தருகிறோம். பெண்பள்ளி என்ற சொல் கல்லில் கிடப்பதை நான் முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அறிந்தேன்.

வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் இன்னும் நெருக்கம். கல்வெட்டில் அதன் பெயர் விடால் என்ற மாதேவி ஆராந்திமங்கலம். ஆதித்த சோழன் காலத்தது எனக் கருதப்படும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. குணகீர்த்தி படாரரின் மாணவி கனகவீரக் குரத்தியார். அவருடைய மாணவியர் ஐந்நூறு பேர். அந்த ஐந்நூற்றுவருக்கும் தவப்பெண்கள் நானூற்றுவருக்கும் இடையே ஏதோ பிணக்கு ஏற்படுகிறது. அதன் பேரில், குரத்தியாரையும் அவருடைய பிள்ளைகளையும் காத்து, சோறிடும் பொறுப்பை ஊரார் ஏற்கிறார்கள். பதிப்பாசிரியர்கள் இப்படித்தான் படித்திருக்கிறார்கள். எதற்காகச் சண்டை வந்தது என்று கல் சொல்லவில்லை. எண்கள் முழுமையாகத் தெரிவதால் மரபுக்காகச் சொன்னவையாகவும் இருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும் அது ஒரு மேல்நிலைப் பள்ளி அளவுக் கூட்டம். ஒரே சமயத்துக்குள்ளேயே மாணவியர் ஒதுக்கப்பட்டபோது ஊர் கூடி அவர்கள் பக்கம் நின்றிருக்கிறது, அதைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறது. இப்படி ஒரு தீர்மானத்தை நம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் எதிலும் நான் கண்டதில்லை.

கழுகுமலையிலும் குரத்தியர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இடைக்காலத் தமிழகத்துச் சமணப் பெண் துறவியரைப் பற்றி லெஸ்லி ஓர் விரிவாக எழுதியிருக்கிறார். பெரியபுராணத்தில் சமணரோடு மோதும் கதைகளில் பெண்களுக்குப் பெரிய இடம் உண்டு. தம்பியை மீட்கும் திலகவதியார், சம்பந்தரை மதுரைக்கு வரவழைக்கும் மங்கையர்க்கரசியார் என்று அவர்கள் எல்லோரும் சைவர்கள். எதிர்ப்பக்கத்தில் என் நினைவில் நிற்கும்படியாக ஒரு பெண்ணும் இல்லை. அதற்காகச் சமணத்தைப் பெண்களின் பொற்காலமாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. தமிழ்ச் சமணர் பின்பற்றும் திகம்பரக் கொள்கைப்படி பெண் பிறவியிலேயே வீடுபேறு கிடையாது, ஆணாகப் பிறந்து வரவேண்டும். கனகவீரக் குரத்தியார் அந்த ஐந்நூறு பேருக்கும் அதையும் சேர்த்துத்தான் கற்பித்திருப்பார்.

எண்ணாயிரம் பேர் கழுவேறிய கதை 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் விரிகிறது. நடந்ததாகச் சொல்லப்படுவதோ 7ஆம் நூற்றாண்டில். அந்தக் காலத்துக் கல்வெட்டுச் சான்று எதுவும் இதற்கு இல்லை. கழுகுமலைச் சிற்பங்களும் சித்தன்னவாசல் குகைக் கோயிலின் புதுப்பிப்பும் அதற்குப் பிந்திய பாண்டியர் காலத்தவை. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இதை வரலாறாகவே எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் புனைகதை என்று ஒதுக்கினார். இதை இப்போது நான் வகுப்பில் சொல்கிறேன். சொல்லும்போது ஒரு சங்கடமும் வருகிறது. நடக்காத கொலையை வெற்றிக் கதையாக ஐந்து நூற்றாண்டு கழித்து எழுதி, மேலும் ஒன்பது நூற்றாண்டு பாடிக்கொண்டிருக்கிறோம் என்றால், ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அது உண்மையா பொய்யா என்பதால் என்ன ஆறுதல்? எங்கள் வகுப்பு சிரித்தது வரலாற்றைக் கேட்டல்ல, கரும்பலகைப் படத்தைப் பார்த்து.

நயினார் வீடுகளில் பேசப்படும் கதை வேறு, செஞ்சிக் கதை. செஞ்சி எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே ஆண்ட வேங்கடபதி நாயக்கன் உயர்சாதி வீடுகளில் பெண் கேட்டானாம். பிராமணர்கள் 'சமணர் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம்' என்று நழுவிவிட்டார்கள். சமணர்கள் சம்மதித்து நாள் குறித்தார்கள். மணநாளில் அவன் வந்து பார்த்தால் வீடு காலி, ஒரு பெட்டைநாய் மட்டும் கட்டியிருந்தது. சமணர் தலைகளை வெட்டச் சொல்லி ஆணையிட்டான். பலர் ஓடினார்கள், பலர் திருநீறு பூசிச் சைவரானார்கள். 'நீறுபூசி' என்ற அடைமொழியோடு திண்டிவனம் பக்கம் ஒரு பிரிவே இருந்ததை ஆங்கிலேயர் கால மாவட்ட விவரச் சுவடி குறித்திருக்கிறது. பிறகு வீரசேனாச்சாரியார் சரவணபெளகொளவிலிருந்து திரும்பி வந்து பலரைத் தாய்ச் சமயத்துக்கு மீட்டார் என்பது மரபு. ஆண்டு 1478 என்பார்கள். நாயக்கர்கள் செஞ்சிக்கு வந்த காலத்தோடு அது பொருந்தவில்லை.

இந்தக் கதையை என் தோழியின் ஆயா சொல்லித்தான் முதலில் கேட்டேன். அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. நாய் கதையில் இருக்கிறது, பெண் இல்லை. அவளைக் கேட்டவன், மறுத்தவர்கள், நழுவியவர்கள் எல்லோரும் தங்கள் மானத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சமயச் சண்டை பள்ளிக்கு வரும்போதெல்லாம் முதலில் பெண்பிள்ளையின் உடம்பில்தான் வந்து நிற்கிறது. உடுப்பி அரசு மகளிர் பதவிமுந்தைய கல்லூரியில் 2021 டிசம்பர் இறுதியில் தலைமுக்காடு அணிந்த மாணவியர் சிலர் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு சீருடை ஆணை போட்டது, மார்ச் 15 அன்று உயர்நீதிமன்றம் அதைச் சரியென்றது, அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரண்டாகப் பிரிந்தார்கள். தடை செல்லாது என்று எழுதிய நீதிபதி சுதான்ஷு துலியா, மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் பெண் குழந்தையின் படிப்பை வைத்தார். இத்தனை தேதிகளுக்கு நடுவே அந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வுகள் வந்துபோயின.

அதற்கு முன்பு கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், அவர்களில் இருவர் பெண்கள், நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்பதற்காக 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்ட மாணவியருக்குத் தெரிந்திருக்கும். மூவரில் பையன் பெயரில்தான் வழக்கு நிற்கிறது.

நம் மாநிலத்தில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினத்து மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும் என்றது. நெற்றிக்குறி என்றதும் பலர் கொதித்தார்கள். அந்த அறிக்கையை நான் ஆதரிக்கிறேன். ஆனாலும் படிக்கும்போது என் தோழிதான் நினைவுக்கு வந்தாள். அவளிடம் காட்டுவதற்குக் குறியே இல்லை. எல்லோரும் வெள்ளிக்கிழமை திருநீறு பூசி வந்த வகுப்பில் வெறும் பொட்டோடு வந்தவள் அவள் ஒருத்தி. எந்தக் கயிற்றை அவிழ்த்திருந்தால் அவளை விட்டிருப்பார்கள்?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சமணர் 0.12 விழுக்காடு. வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்துத்தான் இந்த எண். ஒரு வகுப்பில் ஒருத்திகூட வராத கணக்கு இது. நாலடியாரும் சிந்தாமணியும் நன்னூலும் தந்தவர்கள் என்று அவர்களுடைய நூல்களை மட்டும் எல்லா வகுப்பிலும் படிக்கிறோம். இந்த ஆண்டு நான் பத்தாம் பாட்டைத் தாண்டவில்லை. அதை நடத்திய கையோடு, 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த நீலகேசியையும் எடுத்தேன். பழையனூர்ப் பேயாக வந்தவள் சமணம் கற்று, பௌத்தர் முதல் வேதவாதிவரை ஒவ்வொருவராக வாதில் வெல்லும் கதை. அவளும் பிறரைப் பழிப்பதில் சளைத்தவளல்ல என்பதையும் சொன்னேன். பிறகு விளாப்பாக்கம் கல்வெட்டு. "மேடம், அந்தப் பெண்பள்ளியில என்ன பாடம் நடத்தினாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறது, பாடத்தைப் பற்றி இல்லை என்றேன்.

இந்தக் கட்டுரையைத் தோழிக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இடம் மாறி உட்கார்ந்ததைப் பற்றிப் பேச்செடுத்தேன். "ஞாபகம் இருக்கு" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆயாவின் தம்ளரைப் பற்றி எழுதியது சரிதான், அதை எடுக்க வேண்டாம் என்றாள். பிறகு, "எம் பேர மட்டும் போடாதே. எம் பொண்ணு இப்ப ஒம்பதாவது படிக்குது" என்றாள்.