இம்பிளான்ட் பல்லின் மேற்பூச்சு: எதற்காகக் காசு கொடுக்கிறோம்?

பல்வைத்தியர் தரும் செலவு மதிப்பீட்டில் 'விசேட மேற்பரப்பு' என்று ஒரு வரி இருந்தால், தொகையும் கூடியே இருக்கும். அந்த வரி எதைக் குறிக்கிறது என்று நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் இறக்கப்படும் டைட்டேனியம் திருகாணி. டைட்டேனியத்தோடு எலும்பு இறுகப் பிணையும் என்பதை சுவீடனின் பெர்-இங்வார் பிரேனமார்க் 1950களில் முயல்களில் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அக்காலத் திருகாணிகள் கடைந்தெடுத்தபடியே வழுவழுப்பானவை. எலும்பு பிடிக்கக் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் காத்திருந்துதான் பல் கட்டினார்கள்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் பூச்சுகள் வந்தன. 1980களில் ஹைட்ரொக்சிஅபற்றைட் பூசினார்கள். எமது எலும்பிலும் பல்லிலும் இருப்பதும் அந்த வகைக் கல்சியச் சேர்வைதான். எலும்பு வேகமாகப் பிடித்தது. ஆனால் சிலருக்குக் காலப்போக்கில் பூச்சு கரைந்தது, அல்லது சுவரில் சாந்து கழன்றது போல உரிந்தது. தடித்த பூச்சுக்கு மவுசு குறைந்தது அதனால்தான்.

இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் பூச்சே அல்ல. துகள்களை வீசியடித்து, அமிலத்தில் அரிக்கவிட்டு, டைட்டேனியத்தையே சொரசொரப்பாக்குகிறார்கள். மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்றோமீற்றர்தான். உரிந்துபோக அங்கே தனிப்படை எதுவும் இல்லை. நல்ல எலும்பென்றால் ஆறு முதல் எட்டு வாரங்களில் பல் கட்டலாம். எலும்பு மென்மையாக இருக்கும் மேல்தாடைப் பின்பகுதியிலும் இது கைகொடுக்கும். மற்றபடி, நல்ல எலும்பு இருந்து அவசரமும் இல்லாதவர் ஒரு சொரசொரப்பை விட்டு இன்னொன்றுக்குக் கூடுதல் காசு கொடுப்பது எமது கணக்கில் சரிவரவில்லை.

மறுபக்கமும் உண்டு. முரசு இறங்கிச் சொரசொரப்பு வெளியே வந்தால் கிருமிப்படலம் இலகுவில் ஒட்டும். சுத்தம் செய்வது கடினம். புகைத்தல், கட்டுப்படாத நீரிழிவு, பழைய முரசு நோய் ஆகியவற்றை எந்த மேற்பரப்பும் ஈடுசெய்யாது.

ஊருக்கோ இந்தியாவுக்கோ போகும்போது மலிவாகப் போட்டுக்கொண்டு வருபவர்கள் எம்மில் பலர். அதில் பிழையில்லை. ஆனால் பெட்டியில் இருக்கும் ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிவர வேண்டும்: தயாரிப்பாளர், மாதிரி, விட்டம், தொகுதி இலக்கம் அதில் இருக்கும். எந்த மேற்பரப்பு என்பது எக்ஸ்ரேயில் தெரியாது. பத்து வருடம் கழித்து உள்திருகு தளர்ந்தால், எந்தச் சாவி பொருந்தும் என்பதையும் இங்குள்ள பல்வைத்தியர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் இலகுவில் கண்டுபிடிப்பார்.