சப்டிலிசின்

பேசில்லஸ் இனப் பாக்டீரியாக்கள் சுரந்து வெளியேற்றும் இந்நொதி, புரதங்களைச் சிறு துண்டுகளாக வெட்டுவதால், இரத்தம், முட்டை போன்றவற்றின் கறைகளை நீக்கச் சலவைத்தூளில் சேர்க்கப்படுகிறது. அத்தூளிலுள்ள வெளுப்பான், நொதியின் 222ஆம் இடத்திலுள்ள மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை ஆக்சிசனேற்றம் செய்து அதை முடக்கிவிடுமாதலால், எஸ்டெல், கிரேகார், வெல்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் அவ்விடத்தில் ஏனைய 19 அமினோ அமிலங்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்து, 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். அலனின், செரீன் வடிவங்கள் வெளுப்பானான ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாங்கின. இயற்கை நொதியைவிட விரைவாகச் செயல்பட்ட சிஸ்டீன் வடிவமோ தாங்கவில்லை.

இதனினும் துணிவானது, இந்நொதியைக் கரிமக் கரைப்பானிலும் இயங்கச் செய்ய முயன்ற ஆய்வாளர் பிரான்சஸ் ஆர்னால்டின் வழி. நொதியின் மரபணுவில் தற்செயல் மாற்றங்களைப் புகுத்தி, பாற்புரதமான கேசீன் கலந்த தட்டுகளில் பாக்டீரியாக்களை வளர்த்து, புரதம் செரித்துத் தெளிந்த வளையத்தைக் கொண்டு சிறந்தவற்றைத் தெரிவுசெய்து, அவற்றையே மீண்டும் மாற்றினார். 1993இல் அவர் குழு வெளியிட்ட வடிவம், 60 விழுக்காடு டைமெத்தில்பார்மமைடு என்னும் கரிமக் கரைப்பானில் இயற்கை நொதியைவிட 256 மடங்கு திறனுடன் இயங்கியது.