பெயரும் யாண்டும்

கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்க்காதவர் புதுக்கோட்டைச் சீமையைப் பார்த்துவிட்டதாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தன் பெயரால் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற தேவியர் பெயரால் இரண்டுமாக அங்கே மூன்று கோயில்களை எடுப்பித்தான். இன்று இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளமே மிச்சம்.

அவனுடைய வடமொழிக் கல்வெட்டு முன்னோர் பெருமையையெல்லாம் வரிசையாகச் சொல்கிறது. ஆண்டை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது! விளைவு, ஒன்பதாம் நூற்றாண்டு என்று ஒரு கட்சி, பத்தாம் நூற்றாண்டு என்று ஒரு கட்சி. சோழர் கல்வெட்டுகளிலும் இப்படி ஒரு தொல்லை உண்டு. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். 'பரகேசரி' என்று மட்டும் கல்லில் இருந்தால், எந்தப் பரகேசரி? எழுத்தின் வடிவத்தையும் போர்ச் செய்திகளையும் வைத்துத் துப்புத் துலக்க வேண்டியதுதான். புதுக்கோட்டை சமஸ்தானத்தார் 1929-இல் தங்கள் கல்வெட்டுகளை அரச மரபு வாரியாக அச்சிட்டார்கள். அதற்குள் எத்தனை தலைவலி வந்திருக்குமோ!

எனக்கும் அந்தத் தலைவலி ஒருநாள் வந்தது. கல்லால் அல்ல, கணிப்பொறியால்.

புதுக்கோட்டையில் என் தங்கை வீட்டில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதே, அதன் முதல் வரவுகளில் அவள் மகளுக்குக் கிடைத்தது. அந்நாளில் வந்த பெட்டிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் நிலையத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் ஒரே வீட்டில் இரு குடித்தனமாக இருந்தன. மகள் வேலைக்குக் கோவை போய்விட்டாள். பெட்டி தாய்க்கு வந்தது. தங்கை ஒரு மகளிர் குழுவின் பொருளாளர்; பன்னிரண்டு பெண்களின் சேமிப்புக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

நான் போயிருந்த அன்று மருமகள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "மாமா, அம்மா அதிலேயே பாங்குக் கணக்கையும் பார்க்கிறாளாம். எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பாருங்கள்."

"அதுதான் அடியில் ஒட்டியிருக்கிறதே, விண்டோஸ் ஏழு!" என்றாள் தங்கை.

"ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள், மாமா. பிறகு யாராவது மாற்றியிருந்தால் ஒட்டுத் தாளுக்கு எப்படித் தெரியும்? மெஷினையே கேளுங்கள்."

அவள் சொன்னபடி விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'வின்வர்' என்பதை ஆங்கிலத்தில் ஆறெழுத்தாக அடித்தேன். சிறு கட்டம் ஒன்று தோன்றியது. மேலே விண்டோஸ் 7 என்று பெயர். கீழே, பதிப்பு 6.1!

"பார்த்தாயா அண்ணா, ஏழென்று சொல்லி ஆறைக் கொடுத்துவிட்டார்கள்!" என்று பதறினாள் தங்கை.

மோசம் ஒன்றுமில்லை. இதற்கு முந்திய விஸ்டாவின் எண் 6.0. பல நிரல்கள் முதல் இலக்கத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யச் சம்மதிக்கும். அது மாறினால் முரண்டு பிடிக்கும் என்பதால், 2009-இல் வெளியிட்டபோது வெளியே ஏழென்று பட்டம் சூட்டி, உள்ளே 6.1 என்றே வைத்துக்கொண்டார்கள். பட்டப் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் எண் வேறு. எனக்குப் பரகேசரி ஞாபகம் வந்தான்.

ஆனால் மருமகள் கேட்டது பெயருக்காக அல்ல. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-இல் பொதுவாக நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு தெரிய வந்த ஓட்டைகள் அந்தப் பெட்டியில் அடைபடாமலே கிடக்கும். பக்கத்துக் குடித்தனமான பாஸையும் திறந்து பார்த்தோம். அதுவும் பெட்டி வாங்கிய நாளோடு நின்றுபோன பழைய பதிப்புத்தான்.

"நன்றாகத்தானே ஓடுகிறது?" என்றாள் தங்கை. ஓடத்தான் ஓடியது. அதுதான் ஆபத்தே.

கொடும்பாளூர்க் கல்லில் ஆண்டு இல்லாததால் அறிஞர்களுக்குள் வாதம் நடக்கிறது. யாருக்கும் காசு நஷ்டமில்லை. இங்கே இருப்பதோ பன்னிரண்டு பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்.

அன்றிரவே கணக்குகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுத்துக்கொண்டோம். பெட்டியின் இணையத் தொடர்பைத் துண்டித்தோம். மறுநாள் காலை தங்கை பாஸ் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாங்குக்கு நடந்தே போனாள்.