நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு எந்தக் கூளம் பாதுகாப்பானது?

சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடம் போன்ற கரிசல் பகுதிகளில் கொட்டகை அமைத்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் தீவனத்தையும் தடுப்பூசியையும் கவனிக்கும் அளவுக்குத் தரைக் கூளத்தைக் கவனிப்பதில்லை. குஞ்சுகள் முதல் சில வாரங்கள் இரவும் பகலும் கூளத்தின் மேல்தான் இருக்கின்றன. அதையே கொத்தித் தின்கின்றன. அதிலிருந்து எழும் காற்றையே சுவாசிக்கின்றன. எனவே கூளம் ஈரத்தை உறிஞ்ச வேண்டும், பூசணம் இல்லாமல் இருக்க வேண்டும், குஞ்சின் வயிற்றை அடைக்கக் கூடாது.

எதைப் போடலாம்?

நெல் உமி: குஞ்சுகளுக்கு ஏற்றது. தூசி அதிகம் இருந்தால் சலித்துவிட்டுப் பரப்பவும்.

மரச்சீவல்: ஈரத்தை நன்கு உறிஞ்சும். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் ஆகியவற்றின் கழிவு வேண்டாம். நைசான மரத்தூளைத் தீவனம் என்று குஞ்சுகள் தின்றுவிடும், இரைப்பை அடைத்துக்கொள்ளும்.

கடலைத்தோல்: மழையில் நனைந்து குவியலாகக் கிடந்ததை இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதில் வளரும் பூசணம் நுரையீரலைத் தாக்கும். குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சாகும். நோய் வந்தபின் சிகிச்சை பலன் தருவது அரிது. கைப்பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். புழுங்கிய வாடையோ கருப்பு, பச்சைப் புள்ளிகளோ இருந்தால் ஒதுக்கிவிடவும்.

தென்னை நார்க்கழிவு: ஈரத்தைப் பிடித்து வைக்கும். வெயிலில் நன்கு காயவைத்த பிறகே பயன்படுத்தவும்.

மணல்: ஈரத்தை உறிஞ்சாது. குளிர்ந்தால் குஞ்சின் உடல் சூட்டை இழுத்துவிடும்.

பரப்பும் முறை

கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் விடாது. அதன்மேல் நேரடியாகக் கூளம் பரப்பினால் அடியிலிருந்து ஈரம் ஏறும். சரளை போட்டு மேடாக்கிக் கெட்டித்த தரையில் 2 அங்குல உயரத்துக்குப் பரப்பவும். முதல் 3, 4 நாட்கள் கூளத்தின் மேல் சொரசொரப்பான தாள் விரித்துத் தினமும் மாற்றவும். வழவழப்பான தாளில் குஞ்சின் கால்கள் வழுக்கி விரிந்துவிடும்.

கைப்பிடிச் சோதனை

கூளத்தை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் சரியான பதம். தூசியாகப் பறந்தால் மிகவும் காய்ந்திருக்கிறது.

ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சல் நோய்க்கிருமி பெருகும். அம்மோனியா வாடை எழுந்து கண்ணையும் மூச்சுக்குழலையும் பாதிக்கும். குனிந்து நிற்கும்போது உங்கள் கண் எரிந்தால் குஞ்சுக்கு அதைவிட அதிகம் எரியும். தினமும் கிளறிவிடவும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்ததை உடனே அள்ளிவிட்டுப் புதியது போடவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாரல் அடிக்காமல் படுதா கட்டவும். காற்றோட்டத்தை முழுவதும் அடைத்துவிட வேண்டாம்.

ஒரு தொகுதி முடிந்ததும் பழைய கூளத்தை அகற்றி மட்கவைத்து வயலுக்கு இடலாம். அடுத்த குஞ்சுகளுக்கு அதையே போட வேண்டாம்.

குஞ்சுகள் தொடர்ந்து இறந்தால், இறந்த குஞ்சை அன்றே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரு பையில் கொஞ்சம் கூளத்தையும் எடுத்துச் செல்லுங்கள். காரணத்தைக் கண்டறிய அது உதவும்.