ஈயப் பாட்டரியும் மின்னேற்றும் பெட்டியும்

பாகூர் வட்டாரத்தில், தென்பெண்ணை ஆற்றை அடுத்துள்ள சிற்றூர் சோரியாங்குப்பம். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அவ்வட்டாரம் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. அந்நாட்டுத் தலைநகராகிய பாரிஸில், 1859இல், கஸ்தோன் பிளாந்தே என்னும் அறிஞர் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். மின்சாரத்தைச் செலுத்தினால் சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது திருப்பித் தரும் கலம் பிறந்தது. இன்று சோரியாங்குப்பத்து உழவரின் டிராக்டரில் இருப்பதும் அக்கலத்தின் வழித்தோன்றலே.

மாணவர்களே, சேமிக்கும் கலம் வந்துவிட்டது. அதற்கு மின்சாரம் தருவது எது? பிளாந்தே காலத்தில் டைனமோ பரவவில்லை. துத்தநாகத்தைக் கரைத்து மின்சாரம் தரும் வேறு கலங்களைக் கொண்டே அவர் தம் கலத்தை நிரப்பினார். ஒரு பானையைக் காலி செய்து மறு பானையை நிரப்பிய கதைதான் அது. 1871இல் கிராம் என்பவரின் டைனமோ வந்தது; 1881இல் ஃபோர், ஈயச் செந்தூரக் குழம்பைத் தகட்டில் பூசும் முறையைக் கண்டார். அதன்பின்னரே ஈயப் பாட்டரி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தது.

ஆனால் புதியதொரு இடையூறு முளைத்தது. பாட்டரி ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். நம் நாட்டிலோ 1932இல் பைக்காராவும், 1937இல் மேட்டூரும் வழங்கத் தொடங்கியது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவு ஒன்று தேவைப்பட்டது. கூப்பர் ஹூவிட் 1902இல் பாதரச ஆவியால் அக்கதவைச் செய்தார். டங்ஸ்டன் இழையும் ஆர்கான் வாயுவும் கொண்ட "டங்கார்" குமிழ் பின்னர் வந்தது. அவ்விரு பெயர்களின் ஒட்டே அதன் பெயர். பிறகு செலினியத் தகடுகள், அவற்றின்பின் சிலிக்கன் டயோடு. சில படிகங்கள் மின்சாரத்தை ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் விடுகின்றன என்று பிரவுன் 1874இலேயே கண்டிருந்தார்; அவற்றுள் ஒன்று ஈயத்தின் தாதுவாகிய கலீனா! ஈயப் பாட்டரிக்குக் காவலாள் ஈயத்தின் உறவிலேயே முதலில் தென்பட்டது எனக்கு வேடிக்கையாகத் தோன்றும்.

இவ்வரலாற்றை அறிந்தவருக்குப் பழுது காண்பது எளிது. சோரியாங்குப்பத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். உழவர் ஒருவர், "ராத்திரி பூரா போட்டு வெச்சேங்க ஐயா, வண்டி கிளம்பல, பாட்டரி செத்துப்போச்சு" என்று அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட ஆயத்தமாக இருந்தார். புதியது வாங்குவதோ ஒரு போகத்துச் செலவில் கணிசமான பங்கு. பாட்டரியின் ஆறு அறைகளிலும் அமிலத்தின் அடர்த்தியை அளந்தோம். முழுதும் ஏறிய பாட்டரியில் அது 1.28 அளவில் இருக்கும். இங்கே ஆறிலும் ஏறக்குறைய 1.16. ஓர் அறை மட்டும் தாழ்ந்திருந்தால் பாட்டரியை ஐயுறலாம். ஆறும் ஒன்றுபோல் தாழ்ந்திருந்தமையால் அது நோயாளியன்று, பட்டினி கிடந்தது எனத் தெளிந்தேன்.

அடுத்து மின்னேற்றும் பெட்டி. வழக்கமாக 6 ஆம்பியர் காட்டும் முள் 3இல் நின்றது. பியூஸ் போயிருந்தால் முள் அசைந்தே இராது. மின்மாற்றியிலிருந்து வரும் வோல்ட் சரியாகவே இருந்தது. எஞ்சியவை நான்கு டயோடுகள். மின்சாரத்தின் இரு அரை அலைகளையும் ஒரே திசைக்குத் திருப்புவது அவற்றின் பணி. ஒன்று அறுந்தால் ஓர் அரை அலை முழுதும் வீணாகும். பாதி மின்சாரமே செல்லும். பெட்டியை மின்னிணைப்பிலிருந்தும் பாட்டரியிலிருந்தும் பிரித்துவிட்டு டயோடுகளைச் சோதித்தோம். மூன்று ஒரு திசையில் வழிவிட்டன. நான்காவது எத்திசையிலும் விடவில்லை. இரவு பத்து மணி நேரம் 3 ஆம்பியர் என்றால் 30 ஆம்பியர்-மணி. 80 கொள்ளும் பாட்டரிக்கு அது எம்மாத்திரம்? சிறு விலையுள்ள டயோடு ஒன்றை மாற்றியதும் முள் 6க்கு ஏறியது.

டயோடு அறுவதற்கு மாறாக உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், மின்மாற்றி சூடேறிப் பியூஸ் உருகும். பாட்டரியின் முனைகளை மாற்றி இணைத்தாலும் பியூஸ் போகும். அப்போது பாட்டரியே டயோடுகள் வழியே குறுக்குச் சுற்றாக ஓடுகிறது. ஆகவே பியூஸுக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றுவோர், ஏன் போயிற்று என்ற கேள்விக்கு விடை காணாமலே பெட்டியை எரித்துவிடுவர்.

மின்னேறும் முடிவில் பாட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். சிறு பொறி போதும், அது வெடிக்க. முதலில் சுவிட்சை அணைத்து, அதன் பிறகே கவ்விகளைக் கழற்றுக. காற்றோட்டமுள்ள இடத்தில் பாட்டரியை வைக்க. குறைந்த நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரின் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.