ஒரே நாளில் இரு சட்டங்கள்: அமெரிக்கப் பார்வையற்றோர் தொழிற்கூடங்களும் கூலி உரிமையும்

முன்னுரை

பார்வையற்றோர்க்குத் தொழில் கற்பித்து வேலையும் அளிக்கும் நிறுவனங்களைத் தொண்டு என்னும் ஒற்றைச் சொல்லால் பாராட்டிவிட்டு அமைவது பொதுவழக்கு. ஆயின், அங்கு உழைப்பவர் பயிற்சி பெறும் மாணவரா, கூலிக்குரிய தொழிலாளரா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அமெரிக்காவில் இவ்வினா எவ்வாறு எழுந்தது, எத்தகைய விடைகளைப் பெற்றது என்பதை இங்கு நோக்குவோம்.

தொழிற்கூடங்களின் தோற்றம்

1832ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் சாமுவேல் கிரிட்லி ஹோவ் என்பார் பார்வையற்ற குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் பெர்கின்ஸ் என்னும் பெயர் பெற்ற அப்பள்ளியில் எழுத்தறிவோடு கைத்தொழிலும் புகட்டப்பட்டது. எனினும், தொழில் கற்று வெளியேறியோரை வேலைக்கு அமர்த்த முதலாளிகள் முன்வரவில்லை. எனவே, பள்ளியே அவர்களுக்கெனத் தொழிற்கூடம் அமைக்க நேர்ந்தது. விளக்குமாறு கட்டுதல், மெத்தை தைத்தல், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல் முதலிய தொழில்களுக்கான கூடங்கள் காலப்போக்கில் பிற மாநிலங்களிலும் தோன்றின. திறமைக் குறைவன்று, வெளியுலகின் மறுப்பே இவற்றுக்கு வித்திட்டது என்பது கருதத்தக்கது.

1938, ஜூன் 25

1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் இக்கூடங்களின் பொருள்களுக்குச் சந்தை சுருங்கியது. அந்நிலையில் செனட்டர் ராபர்ட் வாக்னர், மக்களவை உறுப்பினர் கரோலின் ஓடே ஆகியோர் பெயரால் வழங்கும் சட்டம் நிறைவேறியது. நடுவண் அரசு தனக்கு வேண்டிய விளக்குமாறு, தரைதுடைப்பான் முதலியவற்றைப் பார்வையற்றோர் தொழிற்கூடங்களிடம் வாங்க அச்சட்டம் வகைசெய்தது. ஆணைகளைக் கூடங்களுக்குப் பகிர்ந்தளிக்க 'நேஷனல் இண்டஸ்ட்ரீஸ் ஃபார் தி பிளைண்ட்' என்னும் இலாப நோக்கமற்ற அமைப்பு அதே ஆண்டில் உருவாயிற்று. நேரடி உழைப்பு நேரத்தில் 75 விழுக்காடு பார்வையற்றோருடையதாக இருத்தல் வேண்டும் என்பது விதி.

அதிபர் ரூஸ்வெல்ட் இச்சட்டத்தில் ஒப்பமிட்ட அதே நாளில் நியாய உழைப்புத் தரச் சட்டத்திலும் ஒப்பமிட்டார். மணிக்கு 25 காசு என்னும் குறைந்தபட்சக் கூலியை அது நிறுவியது. ஆனால் அதன் 14ஆம் பிரிவு, வயது, உடற்குறை, மனக்குறை, காயம் ஆகியவற்றால் உழைப்புத் திறன் குன்றியோர்க்குச் சிறப்புச் சான்றிதழின் பேரில் அதற்கும் குறைவாகக் கூலி வழங்க இடமளித்தது. ஒரு சட்டம் பொருளுக்குச் சந்தையை உறுதிசெய்ய, மற்றொன்று அப்பொருளைச் செய்த கைகளுக்குக் கூலியை உறுதிசெய்யாமல் விட்டது.

பயிற்சியும் உற்பத்தியும்

இம்முரண் கூலியோடு அமையவில்லை. பயிற்சி நிலையத்தின் வெற்றி, தேர்ந்தவரை வெளியுலக வேலைக்கு அனுப்புவதில் உள்ளது. உற்பத்திக் கூடத்தின் நலனோ தேர்ந்தவரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வதில் உள்ளது. 75 விழுக்காட்டு விதி வேலையைக் காத்தது. அதே வேளையில் பார்வையற்றோர் தனித்த கூடங்களிலேயே தங்கிவிடவும் துணைபோயிற்று எனலாம்.

இந்நிலையைப் பார்வையற்றோரே எதிர்த்தனர். 1940இல் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பை நிறுவிய ஜேக்கபஸ் டென்புரூக் பார்வையற்றவர். அரசமைப்புச் சட்ட அறிஞர். பார்வையற்றோர் சார்பில் பார்வையற்றோரே பேச வேண்டும் என்பது அக்கூட்டமைப்பின் அடிப்படைக் கொள்கை. கூலி விலக்கையும் அது தொடர்ந்து எதிர்த்து வந்துள்ளது.

சின்சினாட்டி பார்வையற்றோர் சங்கத்தின் தொழிற்கூட உழைப்பாளர் தொழிற்சங்கம் அமைக்க முற்பட்டபோது இவ்வினா நீதிமன்றம் ஏறியது. அவர்கள் மறுவாழ்வு பெறுவோரே. தொழிலாளர் அல்லர் என்றது நிர்வாகம். 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைத் தொழிலாளர் என ஏற்றது. அவர்களுக்கு அரணாக நின்ற 1935ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டமும் அதே வாக்னரின் பெயரால் வழங்குவது என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

1971இல் ஏனைய கடும் குறைபாடு உடையோரையும் உள்ளடக்கி விரிந்த இத்திட்டம், 2006இல் 'எபிலிட்டிஒன்' எனப் பெயர் பெற்றது. இதன் ஒப்பந்தங்களில் குறைந்தபட்சத்திற்கும் கீழான கூலியைத் தடைசெய்யும் விதி 2022இல்தான் வந்தது. அதுவும் 14ஆம் பிரிவை நீக்கவில்லை; இத்திட்டத்திற்குள் மட்டுமே அதன் பயனை ஒழித்தது.

சந்தையும் விலக்கும் ஒரே நாளில் பிறந்தன. அவற்றைப் பிரிக்க 84 ஆண்டுகள் ஆயின. இக்கூடங்கள் இல்லாதிருந்தால் பலர்க்கு வேலையே வாய்த்திராது என்பது உண்மை. அவ்வுண்மையே குறைகூலிக்கு நியாயமாகவும் காட்டப்பட்டது. ஆதலின், இத்தகைய நிறுவனத்தை மதிப்பிடுங்கால் அது எத்தனை பேருக்கு வேலை தந்தது என்பதோடு, என்ன கூலி தந்தது, எத்தனை பேரை வெளியுலகிற்கு அனுப்பியது என்பவற்றையும் நாம் வினவ வேண்டும். உழைப்பு உள்ளவிடத்துக் கூலி உரிமையாகும், அது கொடையாகாது.