நனைந்த தானியமும் மலிவு விலைக் காரும்

சேலம், நாமக்கல் சமவெளி சக்கரங்களால் பிழைக்கும் பூமி. சங்ககிரியில் லாரிகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும் எரிவாயு டேங்கர்களும் என்று எண்ணற்ற குடும்பங்களுக்கு வண்டியே சோறு போடுகிறது. இத்தகைய மண்ணில் பழைய வண்டியை வாங்குவதும் விற்பதும் அன்றாட நிகழ்வு. முதிய பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளுடன் உறவினர் வீட்டு நிகாஹ்வுக்குச் சென்று வரவும் ஒரு கார் வேண்டுமென ஆண்டுக்கணக்கில் பணம் சேர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுள் ஒருவரிடம், நான்கு லட்சம் பெறுமானமுள்ள காரை இரண்டு லட்சத்துக்குத் தருவதாக முன்பின் அறியாத ஒருவர் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறைந்துபோன அந்த இரண்டு லட்சம் எங்கே போயிற்று என்று வாங்குபவர் கேட்க வேண்டுமா? விற்பவர் தாமாகவே சொல்ல வேண்டுமா?

இது மோட்டார் வண்டியோடு பிறந்த கேள்வியன்று. மதீனாவின் கடைவீதியிலேயே எழுந்த கேள்வி.

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்னும் கருத்தில் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இடம்பெறுகிறது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. நனைந்த தானியத்தை விற்பதும் தடுக்கப்படவில்லை. ஈரத்தை அடியில் வைத்து மறைத்ததே குற்றமாயிற்று.

பால் நிறைந்ததுபோல் தோன்றுவதற்காக ஒட்டகத்தையும் ஆட்டையும் சில நாள் கறக்காமல் மடி கட்டி விற்பதையும் நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் மூன்று நாள்களுக்குள் அதைத் திருப்பித் தரலாம். கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுத்தால் போதும் என்பது ஹதீஸ். இன்று காரின் கிலோமீட்டர் கணக்கைப் பின்னுக்குத் திருப்புபவர் செய்வதும் மடி கட்டும் வேலையே.

மூன்றாவது நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் எடுத்துரைக்கிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்களின் கவனம் அப்போது வேறெங்கோ இருந்தது. வாங்கியவர் ஒட்டகத்துடன் புறப்பட்டபின் அவர் பின்னாலேயே ஓடிச்சென்று, இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்று பதில் வந்தது. அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க நேர்ந்தது. வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் குறைபட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் வாக்களித்திருக்கிறோம் என்றார்கள் வாஸிலா (ரலி). அவர்கள் விற்பவருமல்லர், வாங்குபவருமல்லர். குறையை அறிந்திருந்தவர், அவ்வளவே.

இந்த அறம் பிற்காலத்தில் சந்தை நிர்வாகமாகவும் உருப்பெற்றது. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டைச் சேர்ந்த அப்துர்ரஹ்மான் அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிப்களுக்கென ஒரு கையேடு எழுதினார். விற்பவரையோ, அவரை அறிந்த ஒருவரையோ தெரிந்துகொள்ளாமல் தரகர் பிராணியை விற்கலாகாது. விற்பவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அது திருட்டுப் பொருளாகவோ குறையுடையதாகவோ இருக்கக்கூடும் என்பது அதில் காணப்படும் விதி. இன்றைய ஆர்.சி. புத்தகத்தின் நோக்கம் அன்றே உணரப்பட்டிருந்தது.

நம் பகுதி மாட்டுச் சந்தைகளுக்கும் இந்த எச்சரிக்கை உணர்வு அந்நியமன்று. நாமக்கல் அருகேயுள்ள புதன்சந்தை போன்ற இடங்களில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது வழக்கம். விலைதான் துண்டுக்குள் மறைந்திருக்கும். மாடு வெளிச்சத்தில் நிற்கும். பல்லைப் பிடித்து வயதறிவர். நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பர். மடியைத் தடவிப் பார்ப்பர். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதென்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அது பொருந்தாது.

பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த சட்டம் இவ்விஷயத்தில் வேறு பாதையில் சென்றது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 17ஆம் பிரிவு மோசடி எது என்பதை வரையறுத்துவிட்டு, ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. குதிரைக்குக் குறை உண்டென்று அறிந்தவர் அதை ஏலத்தில் விற்கிறார், வாய் திறக்கவில்லை. அது மோசடியாகாது. வாங்குபவர் அவருடைய மகள், அண்மையில்தான் வயது வந்தவள் என்றால், அந்த உறவின் காரணமாகச் சொல்லியாக வேண்டும். வாங்குபவர், நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே கொள்வேன் என்று சொல்லியும் விற்பவர் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்கு நிகராகும்.

மதீனாவின் ஒட்டகத்தையும் சட்டநூலின் குதிரையையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். சட்டம் மகளுக்கு மட்டும் அளித்த உரிமையை மார்க்கம் வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது.

மோட்டார் வண்டி வந்தபின் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளில் வாகனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவை உரிமையாளர் யார் என்பதைப் பதிவு செய்தன. இயந்திரத்தின் உள்நிலையைப் பற்றி ஆர்.சி. புத்தகம் எதுவும் பேசாது. கடை வைத்து விற்கும் வியாபாரி ஏமாற்றினால் நுகர்வோர் சட்டத்தை நாடலாம். தம் சொந்தக் காரை விற்கும் தனிநபர் மீது அச்சட்டம் பாயாது. தனிப்பட்ட முறையில் வாங்குபவருக்கு ஆபத்து கூடுவது இதனால்தான்.

அந்த ஆபத்து எப்படியெல்லாம் வரும்? 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கருதி ஈடு வழங்கும். வண்டி கிடைத்த விலைக்கு விற்கப்படும். அவ்வாறு விற்கப்படும் வண்டி கழுவித் துடைக்கப்பட்டு, உள்ளே நறுமணம் தெளிக்கப்பட்டு, வெள்ளம் அறியாத தொலைதூர ஊருக்கு வருவதுண்டு. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்த அதே தானியக் குவியல்தான் இது. அன்று நபியவர்கள் குவியலுக்குள் கையை விட்டதுபோல் நாமும் விட வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேறு படிந்துள்ளதா என்று பார்க்கலாம். மிதியடி விரிப்பின் அடியிலும், ஸ்டெப்னி டயர் இருக்கும் பள்ளத்திலும், இருக்கையின் இரும்புத் தண்டவாளத்திலும் துரு தேடலாம்.

இரண்டாவது, திருட்டு வண்டி. காசு கொடுத்து வாங்கினாலும் அது நம் உடைமையாகாது. உரியவரிடமே திரும்பச் சேர வேண்டும், விற்றவரிடம்தான் நாம் பணத்தைக் கேட்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் கூறும் அடிப்படை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், சில விலக்குகள் நீங்கலாக, தமக்கு உரிமையில்லாததை ஒருவர் பிறருக்கு உரிமையாக்க முடியாது என்றே கூறுகிறது. இழப்பு பணத்தோடு முடிவதுமில்லை. திருட்டுப் பொருளென்று நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையின்றி அதைப் பெறுபவரும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றவாளி. பாதி விலைக்குக் கிடைத்ததே அத்தகைய காரணமாக எடுத்துக்கொள்ளப்படலாம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர், எனக்குத் தெரியாது என்று எளிதில் தப்ப இயலாது.

மூன்றாவது, ஃபைனான்ஸ் கடன் தீராத வண்டி. ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35உம் இல்லாமல் பணம் கொடுக்கலாகாது. நான்காவது, வண்டியே இல்லாத வண்டி. தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், திடீரெனப் பணியிட மாற்றம் வந்துவிட்டதாகவும் கூறி, காரைக் காட்டாமலேயே முன்பணம் கேட்பவரைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்போம்.

இவற்றுக்கு எதிராக நம் கையில் உள்ள கருவிகள் எளியவை. சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். பரிவாஹன் தளத்தில் உரிமையாளர், ஃபைனான்ஸ், காப்பீடு ஆகிய விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். விற்பவர் சொல்லும் மெக்கானிக்கை விட்டுவிட்டு, நமக்குத் தெரிந்தவரை அழைத்துச் செல்ல வேண்டும். அதன்பின் வாய் திறந்து கேட்க வேண்டும்: வெள்ளத்தில் நின்றதா? விபத்தில் சிக்கியதா? கடன் உண்டா? மீட்டர் மாற்றப்பட்டதா? கேட்டுவிட்டால் சட்டத்தின் முன்பும் விற்பவரின் மௌனம் வெறும் மௌனமாக இராது. பதிலை எழுதிச் சாட்சிகளின் கையொப்பம் பெறுவது, வணிகத்தில் சாட்சிகளை வைத்துக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனத்தின் வழிகாட்டலுக்கும் உகந்தது.

விற்பவருக்கும் எச்சரிக்கை உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமல் விட்டுவிடுவது நம் பகுதியில் பரவலான பழக்கம். பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"உள்ளது உள்ளபடி, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா? அவ்வாறு விற்றபின் பொருளைத் திருப்பித் தரும் உரிமை உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தெரிந்த குறையை மறைக்கலாம் என்று எவரும் கூறவில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து.

பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும், கன்சல்டிங் நடத்துபவர்களுக்கும், வண்டியின் வரலாறு தெரிந்த அண்டை வீட்டாருக்கும் வாஸிலா (ரலி) அவர்கள் முன்மாதிரி. பிரேக் பிடிக்காத காரில் நாளை ஏறப்போவது யாரோ ஒருவரின் பிள்ளைகள். புறப்பட்டுவிட்ட வண்டியின் பின்னாலும் ஓடிச்சென்று உண்மையைச் சொல்லும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.